பார்க்க வருகிறவரும் பார்த்துக்கொள்கிறவரும்

இது 2022 கோடையில் எழுதியது. கொரோனாவால் இரண்டு வருடமாக நடக்காத மலர்க் கண்காட்சி இந்த மே மாதம் ஊட்டியில் நடக்கப்போகிறது. பள்ளிக்கூடங்கள் பிப்ரவரியிலேயே திறந்தாயிற்று. இரவு ஊரடங்கு ஜனவரி 28ஆம் தேதி போயிற்று. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்டிருந்த உத்தரவுகளும் மார்ச் 31ஓடு முடிந்தன. முகக்கவசமும் கைகழுவலும் மட்டும் அறிவுரையாக நிற்கின்றன. இ-பாஸ் இல்லாமல் பர்லியாறு சோதனைச்சாவடி தாண்டி மேலே வர முடியாத காலம் ஒன்று இருந்தது என்பதை, இப்போது ஏறி வரும் சுற்றுலா வண்டிகளைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி கேட்டில் மட்டும் 2020இல் ஒட்டிய காகிதம் அப்படியே இருக்கிறது: 'பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை'. இரண்டு மழைக்காலம் நனைந்து மை கரைந்துபோய், 'அனுமதி' என்ற சொல்தான் இப்போது தெளிவாகத் தெரிகிறது.

எங்கள் ஆஸ்பத்திரி என்றால் குன்னூர்ப் பக்கம் உள்ள நாற்பது படுக்கை இடம். பேர் வேண்டாம். நான் அங்கே வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் காகிதத்தைக் கிழித்தால் அதன் இடத்தில் எதை ஒட்டுவது என்று யோசிக்க ஒரு சின்னக் குழு போட்டார்கள். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்தாறு யோசனைகள் மேசைக்கு வந்தன. மலையில் இருக்கும் மற்ற சிறிய ஆஸ்பத்திரிகளுக்கும் இதே குழப்பம் இருக்கும் என்பதால், எது எதற்கு உதவும், எது உதவாது என்று எனக்குப் பட்டதை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறு. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கு, உள்ளே வர நினைக்கும் எல்லாரும் விசிட்டர்தான். வார்டுக்குள் நிற்கும் சிஸ்டருக்கு அப்படி இல்லை. பார்க்க வருகிறவர் வேறு, பார்த்துக்கொள்கிறவர் வேறு. பார்க்க வருகிறவர் ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆரஞ்சும் கொண்டுவருவார், "நல்லா சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது" என்பார், பத்து நிமிடத்தில் மணி பார்ப்பார். பார்த்துக்கொள்கிறவர் புரட்டிப் படுக்கவைப்பார், கஞ்சி ஊட்டுவார், பெட்பேன் வைப்பார், ட்ரிப் முடியப்போகிறது என்று ஓடிவந்து சொல்வார், சீட்டை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடுவார், கையெழுத்துப் போடுவார். ராத்திரி டூட்டியில் ஒரே சிஸ்டர் இருபது படுக்கையைப் பார்க்கிற இடத்தில், இவர் சம்பளம் வாங்காத ஊழியர். இவரை வெளியே நிறுத்தினால் வார்டில் ஆள்பற்றாக்குறைதான் வரும்.

2020இல் இந்த இரண்டு பேரையும் ஒரே காகிதத்தால் நிறுத்திவிட்டோம். அன்றைக்குத் தடுப்பூசி கிடையாது, என்-95 முகக்கவசம் சிஸ்டர்களுக்கே போதவில்லை, நோய் காற்றில் பரவுகிறதா இல்லையா என்பதே சண்டையாக இருந்தது. அன்றைய முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அதுவே கேட்டில் தொங்குகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் இப்படியே விட்டுவிடலாம் என்பதும் ஒரு யோசனையாகவே வந்தது, அதற்கு ஆதரவும் இருந்தது. "மூணு அலை பார்த்தாச்சு சிஸ்டர், நாலாவது வராதுன்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களா?" என்று அலுவலகத்தில் இருப்பவர் கேட்டார். நியாயமான கேள்வி. கேட்டை மூடி வைத்ததில் சில நன்மைகள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வார்டு அமைதியாக இருக்கிறது. ரவுண்ட்ஸ் போகும் டாக்டருக்குக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைக்கிறது. யாரும் சிஸ்டரிடம் சத்தம் போடுவதில்லை. நான் டூட்டியில் இருந்திருந்தால் எனக்கும் இது பிடித்துப்போயிருக்கும்.

என் அக்கா விஷயத்தில்தான் இதன் மறுபக்கம் எனக்குத் தெரிந்தது. 2021 மே, இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். எழுபது வயது தாண்டிய அக்காவைக் கீழே சமவெளியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆம்புலன்ஸ் கதவோடு எங்கள் வேலை முடிந்தது. அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஒரு போன். மூன்றாம் நாள், "பாட்டி கொஞ்சம் குழப்பமா இருக்காங்க, கேட்டதுக்குப் பதில் வேற ஏதோ சொல்றாங்க" என்றார்கள். ஆக்ஸிஜன் குறைந்து மூளைக்குப் போய்விட்டதோ என்று வீட்டில் அழுகை. நாலாம் நாள் பேசிய டூட்டி டாக்டரிடம், "காது மெஷின் போட்டிருக்காங்களா சார்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மெஷின் கைப்பையில் இருந்தது. பல்செட்டும் அதே பையில். நாலு நாளாகச் சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பிப் போனதற்கும் காரணம் புரிந்தது.

அக்கா பிழைத்து வந்துவிட்டாள். உடம்பு முழுக்க மூடிய கவச உடையில் ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்ற அந்தப் பிள்ளைகளை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அக்காவின் மகள் முதல் நாள் ஐந்து நிமிடம் உள்ளே போயிருந்தால் அந்தக் குழப்பம் கேஸ் ஷீட்டில் ஏறியே இருக்காது.

வீடியோ கால் இருக்கிறதே என்பார்கள். பெங்களூரிலோ திருப்பூரிலோ இருக்கும் மகனுக்கு அது நல்லது, அதை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் இருக்கும் லைன் வீடுகளில் பாதி இடத்தில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறி நின்றாலும் பட்டன் போனில் முகம் தெரியாது.

மலைக்கே உரிய இன்னொரு விஷயம் மொழி. எங்கள் வார்டில் ஒரே நாளில் தமிழ், படுகு, மலையாளம், கன்னடம், இருளர் பேச்சு, குரும்பர் பேச்சு எல்லாம் கேட்கும். டூட்டி டாக்டர் மதுரையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்திருப்பார். ஒரு குரும்பர் பாட்டியிடம் "வயிறு வலிக்குதா?" என்று கேட்டால் தலையாட்டுவார். "வலிக்கலையா?" என்றாலும் தலையாட்டுவார். கூட வந்த பேத்திதான், மூன்று நாளாக மலம் போகவில்லை என்பதைச் சொல்வாள். கூடலூரில் 1990 முதல் நடக்கும் ஆதிவாசி மருத்துவமனையில் அந்தச் சமூகங்களின் பெண்களையே நர்ஸாகப் பயிற்றுவித்திருக்கிறார்கள். நோயாளியின் பேச்சு அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் புரியும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. பேத்தியை கேட்டில் நிறுத்தினால் எங்கள் மொழிபெயர்ப்பாளரையே நிறுத்திய மாதிரி. அப்புறம், என் அனுபவத்தில், காட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களைத் தனியாகப் படுக்கவைத்தால் பலர் தங்குவதில்லை. காலையில் போய்ப் பார்த்தால் போர்வை மடித்து வைத்திருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

ஆக, அடைத்தே வைப்பது என்பது என் கணக்கில் முதலிலேயே அடிபட்டுப் போயிற்று.

அடுத்தது, போன வருடம் பல இடங்களில் நடைமுறையில் இருந்த விதி. ஒரு நோயாளிக்கு ஒரே ஆள், சேரும்போது யார் பேருக்கு அட்டெண்டர் பாஸ் போடுகிறோமோ அவர்தான் டிஸ்சார்ஜ் வரைக்கும், மாற்றக்கூடாது. எத்தனை வீட்டுக் காற்று வார்டுக்குள் வருகிறது என்று எண்ணினால் இது சுத்தமான விதி. சுகப்பிரசவம், மூன்று நாளில் வீடு என்றால் இது போதும்.

இடுப்பு எலும்பு முறிந்த மாமியாரோடு பன்னிரண்டு நாள் இருக்க வேண்டும் என்றால்தான் இதன் லட்சணம் தெரியும். அந்த ஒரே ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம், மருமகள்தான். பன்னிரண்டு நாள் கொழுந்து பறிக்கப் போகாத கூலி போகும். வீட்டில் பிள்ளைகள் பக்கத்து லைனில் சாப்பிடும். ராத்திரி கட்டிலுக்கு அடியில் பாயும் ஒரு கம்பளியும். எங்கள் ஊர் சிமெண்ட் தரை எப்படிச் சில்லிடும் என்று இங்கே படுத்தவர்களுக்குத் தெரியும். ஆறாம் நாள் அவளுக்கே மூக்கு ஒழுகும். அவள் அதைச் சொல்வாளா? சொன்னால் வெளியே போகச் சொல்வார்கள், மாற்று ஆளுக்கு பாஸ் கிடையாது, கிழவி தனியாகக் கிடப்பாள். அதனால் சொல்ல மாட்டாள். வெந்நீர் குடித்துக்கொண்டு, இருமல் வந்தால் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு, சிஸ்டர் வரும்போது சிரித்துக்கொண்டு இருப்பாள். தொற்றைத் தடுக்கப் போட்ட விதியே காய்ச்சலை மறைக்கச் சொல்லிக்கொடுக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

எனவே நான் கேட்டது ஆள் மாற்றும் பாஸ். பாஸ் ஒன்று, அதில் பேர் மூன்று. எந்த நேரமும் உள்ளே ஒருவர்தான். எப்போது மாறிக்கொள்வது என்பதை அவர்களே பேசிக்கொள்ளட்டும். ஒரு வீட்டுக்குப் பதில் இரண்டு மூன்று வீட்டு ஆட்கள் வருகிறார்களே என்று எங்கள் இளம் டாக்டர் கேட்டார். உண்மை, தொடர்பு கூடத்தான் செய்யும். ஆனால் மாற்று ஆள் இருக்கிறார் என்ற தைரியம் இருந்தால்தான் "சிஸ்டர், எனக்குத் தொண்டை கரகரங்குது, தங்கச்சிய வரச் சொல்லிடறேன்" என்று ஒருத்தி வாய் திறந்து சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு பேரைக் கூடுதலாக ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மகனோ மருமகனோ ஒரு ராத்திரியாவது அந்தத் தரையில் படுத்துப் பார்ப்பார்கள் என்பது இதில் கிடைக்கும் உபரி லாபம்.

மாற்றும் நேரத்தை ஆஸ்பத்திரி கடிகாரத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது, பஸ்ஸை வைத்து முடிவு செய்ய வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆள் மாற்று என்று சமவெளி ஆஸ்பத்திரிகளில் எழுதலாம். இங்கே அந்த நேரத்துக்கு வெளியே போகிறவர் கடைசி பஸ்ஸைப் பிடித்து, மெயின் ரோட்டில் இறங்கி, தேயிலைக்கு நடுவே நடக்க வேண்டும். எங்கள் பக்கம் காட்டெருமை நிற்கும், கோத்தகிரிப் பக்கம் கரடி. கூடலூர், பந்தலூர் என்றால் யானை. இருட்டிய பின் யாரையும் வெளியே அனுப்பாமல், காலை எட்டு முதல் பத்துவரை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். சீசனில் வேறு ஒரு தொல்லை இருக்கிறது. கீழிருந்து வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். அந்த நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறவர் எத்தனை மணிக்கு வந்து சேர்வார் என்று யாரும் சொல்ல முடியாது. பத்து மணி தாண்டி வந்தார் என்று அவரைத் திருப்பி அனுப்பாத அளவுக்கு செக்யூரிட்டி அண்ணனுக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும்.

இதுவரை பார்த்துக்கொள்கிறவர் கதை. பார்க்க வருகிறவர்கள் விஷயத்தில் நான் இவ்வளவு இளகிய மனசுக்காரி இல்லை.

பழைய போர்டில் 'பார்வை நேரம் மாலை 4 முதல் 6 வரை' என்று இருந்தது. அதையே திரும்ப மாட்டிவிடலாம், எல்லாருக்கும் பழகிய நேரம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு இருக்கும் யோசனைகளிலேயே மோசமானது இதுதான் என்று பட்டது. முழுக்கத் திறந்துவிடுவதைவிடவும் மோசம். ஒரு நாளில் வரும் எண்பது பேர் காலையிலிருந்து பிரிந்து பிரிந்து வந்தால் ஒரு நேரத்தில் உள்ளே ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். அதே எண்பது பேரை இரண்டு மணி நேரத்துக்குள் அடைத்தால் வார்டு சந்தைக்கடை ஆகிவிடும். அதுவும் நாலு மணிக்கு. மூடுபனி இறங்கி, "சிஸ்டர், குளிருது, ஜன்னலைச் சாத்துங்க" என்று எல்லாக் கட்டிலிலிருந்தும் குரல் வரும் நேரம் அது. ஆட்கள் அதிகமாகவும் காற்று குறைவாகவும் இருக்கும் நேரத்தைத் தேடிப் பிடித்த மாதிரி ஓர் ஏற்பாடு.

காற்று விஷயத்தில் மலை ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு சாபம் இருக்கிறது. ஜன்னல் திறந்து காற்றோட்டம் பெறும் பொது வார்டுகளில் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லிட்டர் காற்றாவது வந்துபோக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் கட்டடம் பழைய பங்களா மாதிரியானது. உயரமான கூரை, கூரைக்குக் கீழே காற்று போய்வர வென்டிலேட்டர் துளைகள் என்று கட்டினவன் யோசித்துத்தான் கட்டியிருக்கிறான். நாங்கள்தான் குளிருக்குப் பயந்து அந்த ஓட்டைகளில் எல்லாம் அட்டையும் செய்தித்தாளும் வைத்து அடைத்தோம். நானே என் கையால் அடைத்திருக்கிறேன், 1994இலோ என்னவோ. குழு கூடிய அன்றே ஏணி போட்டு அவற்றைப் பிடுங்கச் சொன்னேன். ஒரு மஞ்சள் பூத்த தாளில் பழைய தேர்தல் செய்தி இருந்தது.

அதனால் பார்வை நேரத்தைக் காலை 11 முதல் 1 வரை வைக்கலாம் என்றேன். அதற்குள் ரவுண்ட்ஸ் முடிந்திருக்கும். வெயில் இருக்கும், ஜன்னலைத் திறந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். வந்தவர்கள் சாயங்காலத்துக்குள் வீடு போய்ச் சேரலாம். வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாதே என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தரலாம். இதுவும் இரண்டு மணி நேரம்தானே என்றால், கூட்டம் சேராமல் இருக்க ஒரு நோயாளிக்கு ஒரு நேரத்தில் ஒருவர், கால் மணி நேரம், கட்டிலில் உட்காரக் கூடாது.

படுகர் ஊர்களான ஹட்டிகளிலிருந்து வருகிறவர்களுக்கு இது எடுபடுமா என்று குழுவில் இருந்த படுகர் ஒருவர் சிரித்தார். அவர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஹட்டியில் ஒரு பெரியவர் படுத்துவிட்டார் என்றால் ஒரு ஜீப் ஆட்கள் கிளம்பி வருவார்கள். வராவிட்டால்தான் தப்பு. வெள்ளை முண்டாசோடு இறங்கும் எண்பது வயதுக்காரரை "டோக்கன் வாங்குங்க" என்று கேட்டில் நிறுத்தினால், அது நோயாளிக்கும் அவமானம், நமக்கும் அழகில்லை. அதற்கு அவரே ஒரு வழி சொன்னார். நடக்கவோ வீல்சேரில் உட்காரவோ முடிந்த நோயாளியைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். வெயிலில், திறந்தவெளியில், ஜீப்பில் வந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டுப் போகட்டும். அடைத்த வார்டோடு ஒப்பிட்டால் வெளிக்காற்றில் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு. எழுந்திருக்க முடியாதவர் என்றால் மூத்தவர்கள் இரண்டு பேர் மட்டும் உள்ளே. இந்த யோசனை எனக்குத் தோன்றாமல் போனதில் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஜூன் மழை தொடங்கினால் தாழ்வாரத்துக்குத் தகரச் சாய்ப்பு போட வேண்டும். அதற்கு யார் பணம் தருவது என்பதில் அரை மணி நேரம் போயிற்று.

முழுக்கத் திறந்துவிடுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2020க்கு முன்னால் விதி என்று ஒன்று போர்டில் இருந்தது, அவ்வளவுதான். பிரியாணிப் பொட்டலமும், கட்டிலுக்கு அடியில் ஒளிந்து விளையாடும் குழந்தையும், ஆபரேஷன் ஆனவரின் கால்மாட்டில் உட்கார்ந்த நாலு பேரும் எனக்கு நினைவிருக்கிறார்கள். ஃப்ளூவும் காசநோயும் அப்போதும் இருந்தன. நாம் எண்ணவில்லை.

சான்றிதழ் பார்த்து உள்ளே விடலாம் என்ற யோசனை காகிதத்தில் அழகாக இருந்தது. இரண்டு தவணை ஊசி போட்டிருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கும் ஊர் எங்கள் குன்னூர். ஊசியைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஊசி போட்டவர்கள் ஒமிக்ரானில் பெரும்பாலும் உயிர் தப்பினார்கள். ஆனால் ஊசி போட்டவர்களிடமிருந்தும் ஒமிக்ரான் பரவியது. ஜனவரியில் எங்கள் சிஸ்டர்களே இரண்டு தவணையும் போட்டுக்கொண்டு வரிசையாகப் படுத்தார்கள். ஊசி, போட்டுக்கொண்டவரைத்தான் காப்பாற்றும், அவர் பார்க்க வரும் நோயாளியைக் காப்பாற்றாது. சான்றிதழைக் காட்டப் போன் இல்லாத கிழவர்களையும் அந்த விதி முதலில் வெளியே தள்ளிவிடும். கால் மணி நேரத்தில் முடிவு தெரியும் ஆன்டிஜன் பரிசோதனையைக் கேட்டிலேயே எடுக்கலாம் என்றார்கள். தொற்றின் தொடக்க நாட்களில் அது நெகட்டிவ் காட்டிவிடலாம், தினமும் எண்பது பேருக்கு எடுக்கும் காசும் எங்களிடம் இல்லை.

காய்ச்சல் பார்க்க நெற்றியில் நீட்டும் அந்தத் துப்பாக்கி இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காலை எட்டு மணிக்குப் பனியில் நடந்து வந்தவரின் நெற்றி ஐஸ் மாதிரி இருக்கும். அதில் நீட்டினால் 33, 34 டிகிரி செல்சியஸ் என்று காட்டும். காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் இருப்பவரும் நார்மல். இரண்டு வருடமாக எங்கள் கேட்டில் அது ஒருவரையும் பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை. அதை வைத்துவிட்டு, "சளி, இருமல், தொண்டை வலி, காய்ச்சல், வீட்டில் யாருக்காவது?" என்று முகம் பார்த்து நாலு கேள்வி கேட்பது மேல். கூடவே மூன்றடுக்கு முகக்கவசம் ஒன்றை ஆஸ்பத்திரியே கையில் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் மஃப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டு "மாஸ்க் போட்டிருக்கேன் சிஸ்டர்" என்பவர்கள் நிறைய.

எல்லா வார்டுக்கும் ஒரே விதி போட முடியாது என்பதும் பேசப் பேசத்தான் புரிந்தது. பிரசவ அறையில் விவாதமே வேண்டாம். பிரசவத்தின்போது கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004லேயே கொண்டுவந்தார்கள். கொரோனா உச்சத்தில் இருந்தபோதும், கர்ப்பிணிக்குத் தான் விரும்பும் துணை வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நாம்தான் அதையும் சேர்த்து மூடினோம். குறைமாதக் குழந்தை இருக்கும் அறையில் தாயை விசிட்டர் கணக்கில் எழுதிய ஒரு பதிவேட்டை நானே பார்த்தேன். பால் கொடுப்பவள் எந்த ஊரில் விசிட்டர்?

ஐசியூ பற்றித்தான் உண்மையான கருத்து வேறுபாடு. கதவைத் திறந்தால் கிருமி வரும் என்பது பெரிய டாக்டரின் கட்சி. பிரேசிலில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திய ஓர் ஆய்வு 2019இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. நாளுக்கு 12 மணி நேரம்வரை குடும்பத்தாரை உள்ளே விட்ட முறையையும், வழக்கம்போலக் கறாராக இருந்த முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால் நோயாளிக்கு வரும் மனக்குழப்பம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படிச் சொல்லும்படி குறையவில்லை. குடும்பத்தாரை விட்ட முறையில் 18.9 சதவீதம், கறாரான முறையில் 20.1. என் அக்கா கதையை வைத்து நான் வேறு மாதிரி முடிவு வரும் என்றுதான் நினைத்திருப்பேன். ஆனால் அதே ஆய்வில் தொற்றும் கூடவில்லை, வேலை செய்கிறவர்களின் சோர்வும் கூடவில்லை, குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. அது கொரோனாவுக்கு முந்தைய ஆய்வு என்று பெரிய டாக்டர் சரியாகவே சுட்டிக்காட்டினார். கடைசியில் பேரம் பேசி, காலையும் மதியமும் அரை அரை மணி, பாஸில் பேர் உள்ள ஒருவர் என்று முடிந்தது. எனக்கு இது போதாது. அவருக்கு இது அதிகம். ஜூலையில் மறுபடி பேசுவோம்.

கீமோ போட்டுக்கொண்டவர்கள், அதிக ஸ்டீராய்டில் இருப்பவர்கள் என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பக்கம் பார்க்க வருகிறவர்களுக்கு இடமில்லை. பார்த்துக்கொள்கிறவரும் என்-95 போட்டே இருக்க வேண்டும். கொரோனா உறுதியானவருக்குத் தனி அறை, ஒரே துணை, அவருக்கும் அதே முகக்கவசம். சாகப்போகிறவர் என்று டாக்டர் சொல்லிவிட்டால் எந்த நேரமும் கிடையாது, எந்த எண்ணிக்கையும் கிடையாது. முகக்கவசம் கொடுத்து எல்லாரையும் கூப்பிடு என்று எழுதினோம். அதை மட்டும் யாரும் திருத்தவில்லை. குழுவில் இருந்த ஏழு பேரில் நாலு பேர் போன இரண்டு வருடத்தில் யாரையாவது கடைசியாகப் பார்க்காமல் அனுப்பியவர்கள்.

தொற்று மறுபடி ஏறினால் என்ன செய்வது என்பது மீதி. மாவட்டத்தில் எண்ணிக்கை ஏறியது, மந்திரி பேட்டி கொடுத்தார் என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டை மூடும் வேலை இனி வேண்டாம். ஒரு வார்டில், சேரும்போது இல்லாத தொற்று ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு வந்தால், அந்த வார்டில் மட்டும், ஏழு நாளைக்குப் பார்க்க வருகிறவர்களை நிறுத்துவோம். ஆள் மாற்றும் பாஸ் அப்போதும் செல்லும். ஏழு நாள் கழித்து மூடியே வைக்க வேண்டும் என்றால், அதை எழுதிக் கேட்கும் வேலை அலுவலகத்தினுடையது. திறக்கச் சொல்லி நாங்கள் மனு போட மாட்டோம். இந்த வரியைச் சேர்க்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

செலவுக் கணக்கும் போட்டோம். தாழ்வாரத்துக்குத் தகரம், துணைக்கு இருப்பவர் படுக்க இருபது மடக்குக் கட்டில், ஒரு வெந்நீர் பாய்லர், மாதம் இத்தனை பெட்டி முகக்கவசம். பாய்லரை வேண்டாம் என்று வெட்டப் பார்த்தார்கள். கட்டிலை வேண்டுமானால் பத்தாகக் குறையுங்கள், பாய்லரில் கைவைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். வெந்நீர் இல்லாத இடத்தில் கையைக் கழுவு என்று டிசம்பர் மாதம் யாரிடமும் சொல்ல முடியாது.

போர்டு எழுத பெயிண்டர் வெள்ளிக்கிழமை வருகிறார். 'உடன் இருப்பவர்' என்று மேலே ஒரு பகுதி, 'பார்க்க வருபவர்' என்று கீழே ஒரு பகுதி. மேல் பகுதியைப் பெயிண்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். கீழ்ப் பகுதியில் நேரம் வரும் இடத்தைக் கறுப்பாக விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு சாக்பீஸ் டப்பா வைக்கச் சொல்லியிருக்கிறேன்.